எக்ஸ் குறி போட்ட வீடுகள்: உத்தரப் பிரதேசப் போலியோ ஒழிப்பில் தெரு ஒருங்கிணைப்பாளர்கள்

2002இல் உலகம் முழுவதும் 1,918 பேரைப் போலியோ தாக்கியது. அவர்களில் 1,600 பேர் இந்தியாவில். அந்த 1,600 பேரிலும் 1,242 பேர் உத்தரப் பிரதேசத்தில். முந்தைய வருடம் நாடு மொத்தத்துக்குமே 268 என்றிருந்த எண்ணிக்கை ஒரே வருடத்தில் இப்படி எகிறியது. பித்தளைச் சாமான்களுக்குப் பேர்போன மொராதாபாத்தும் அதைச் சுற்றியுள்ள மேற்கு மாவட்டங்களும்தான் நோயின் மையம். பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். மாநில மக்கள்தொகையிலோ முஸ்லிம்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். உத்தரப் பிரதேசத்தில் அதற்கு முன்பே, 2010 ஏப்ரலுக்குப் பிறகு, ஒருவர்கூட இல்லை. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி முழுவதும் போலியோ அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் வந்ததைச் சொல்வார்கள். ரோட்டரியின் பணத்தை, புதிய சொட்டு மருந்தை, இமாம்களின் அறிவிப்பைச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் சமூகக் களப்பணியில் இருப்பவர்கள் இதில் படிக்க வேண்டியது இன்னொரு பகுதியை. ஆளுக்குச் சுமார் 500 வீடுகளைப் பொறுப்பேற்று, ஒவ்வொரு வீட்டின் பிள்ளைகளையும் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருந்த சில ஆயிரம் பெண்களின் வேலை அது. அவர்கள் மக்களிடம் பேசியதைவிட, மக்கள் சொன்னதைக் கேட்டு எழுதி மேலே அனுப்பியதுதான் போலியோவை முடிக்கப் பெரிதும் உதவியது என்பது என் கருத்து.

ஏன் கதவைச் சாத்தினார்கள்

இந்தியா முழுவதற்குமான போலியோ சொட்டு மருந்து முகாம் 1995இல் தொடங்கியது. அந்த முறைக்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்கதை உண்டு. குறிப்பிட்ட நாளில் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து மருந்து கொடுத்துப் பார்க்கும் முயற்சியை 1980களிலேயே வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் முன்னெடுத்தார். தேசிய முகாம் முதலில் பூத் மட்டும்தான். பூத்துக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகப் போகும் வழக்கம் 1999–2000இல் சேர்ந்தது. அங்கேதான் சிக்கல் வெளியே தெரிந்தது. பூத்துக்கு வராதவரை யாரும் கவனிக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று கேட்டதும், 'வேண்டாம்' என்ற பதில் காதில் விழுந்தது.

சொட்டு மருந்து குடித்தால் பிள்ளைகள் வளர்ந்தபின் மலடாகிவிடுவார்கள், இது முஸ்லிம்களின் எண்ணிக்கையைக் குறைக்க வந்த ஏற்பாடு, மருந்தில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறது என்றெல்லாம் பேச்சு பரவியது. படித்தவர்கள் இதை அறியாமை என்று ஒதுக்கினார்கள். எனக்கு அந்தச் சொல்லே உறுத்துகிறது. அவசரநிலைக் காலத்தில், 1976 அக்டோபரில், முசாபர்நகரில் கட்டாயக் கருத்தடையை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது, பலர் இறந்தார்கள். மொராதாபாத்திலிருந்து அது தூரமில்லை. 2002இல் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருந்த தாத்தாவுக்கு அது நேற்று நடந்த விஷயம். அரசாங்கம் வலியத் தேடிவந்து, காசு வாங்காமல், உடலுக்குள் எதையோ செலுத்த விரும்பினால் சந்தேகப்படு என்பதை அவர் அனுபவத்தில் கற்றிருந்தார்.

இதோடு இன்னொரு கேள்வியும் இருந்தது. என்னைக் கேட்டால் அதுதான் கனமான கேள்வி. 'பிள்ளைக்குப் பேதி வந்தால் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. தெருச் சாக்கடை வருஷக்கணக்காக நிரம்பி வழிகிறது, கேட்க நாதியில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் இல்லாத போலியோவுக்கு மட்டும் மாசாமாசம் ஏன் வருகிறீர்கள்?' இதற்குத் துண்டுப்பிரசுரத்தில் பதில் கிடையாது. சில இடங்களில் அதிகாரிகளின் அதட்டலும் கூட வந்ததால், இருந்த சந்தேகம் இறுகியது.

பழியை மறுத்தவர்கள் மீது மட்டும் போடுவதும் நியாயமில்லை. 2002 பரவலுக்கு முன்பு முகாம்களின் எண்ணிக்கையைக் குறைத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் மருந்து கிடைக்காத பிள்ளைகள் லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் மாதத்துக்குச் சுமார் 5 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. சில மாதம் கண்ணை மூடினாலே வைரஸுக்குப் புதிதாக ஒரு பெரும் கூட்டம் கிடைத்துவிடும்.

500 வீடுகளுக்கு ஒருத்தி

இந்த நிலையில் உருவானதுதான் சமூக அணிதிரட்டல் வலையமைப்பு, சுருக்கமாக எஸ்.எம்.நெட். யுனிசெஃபும், பல தன்னார்வ அமைப்புகள் சேர்ந்த கோர் குழுவும் அரசோடு இணைந்து இதைக் கட்டின. கீழ்த்தட்டில் தெரு ஒருங்கிணைப்பாளர், அவருக்கு மேல் வட்டார ஒருங்கிணைப்பாளர், அதற்கும் மேல் மாவட்டம் என்று அடுக்கு. மாநிலம் முழுக்க ஆள் போடவில்லை. எங்கே பிள்ளைகள் திரும்பத் திரும்ப விடுபடுகிறார்களோ அங்கே மட்டும்தான். உச்சத்தில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலுமாக 7,000க்கு மேற்பட்ட தெரு ஒருங்கிணைப்பாளர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

ஆள் எடுத்த விதத்தைக் கவனிக்க வேண்டும். அதே தெருவில் வாழ்பவராக இருக்க வேண்டும், முடிந்தவரை அதே சமூகத்தவராகவும். பர்தா வழக்கமுள்ள வீட்டில், கணவன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், அந்நிய ஆண் வாசலைத் தாண்ட முடியாது. வாசலிலேயே நின்று 'பிள்ளை இருக்கா?' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். உள்ளே போய் உட்காரக்கூடிய பெண்ணுக்குத் தொட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரியும். பட்டப்படிப்பைவிட இந்தத் தகுதிக்கு முன்னுரிமை கொடுத்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இன்றும் எத்தனையோ திட்டங்களில் சமூகப்பணி முதுகலை முடித்தவரை நகரத்திலிருந்து கொண்டுவந்து, தெருவையே அறியாத அவர் கையில் தெருவை ஒப்படைக்கிறார்கள்.

அவர்களின் முதன்மைக் கருவி ஒரு பதிவேடு. வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயர், வயது, எந்தெந்தச் சுற்றில் மருந்து குடித்தது, வீட்டில் கர்ப்பிணி உண்டா, பிரசவம் எப்போது என்று அதில் எல்லாம் இருக்கும். பிறந்த குழந்தையை அடுத்த சுற்றுக்குள் பட்டியலில் ஏற்றிவிடுவார்கள். அரசிடம் இருந்த மக்கள்தொகைக் கணக்கில் அந்தத் தெருவில் இத்தனை பிள்ளைகள் இருக்கலாம் என்ற மதிப்பீடுதான் இருந்தது. இந்த நோட்டில் பிள்ளைகளே இருந்தார்கள்.

ஒரு சுற்று எப்படி நடக்கும்

முகாமுக்கு முந்தைய நாள்களில் தாய்மார் கூட்டம், பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கி அறிவிப்பு, கடைக்காரர்களிடம் நினைவூட்டல் எல்லாம் நடக்கும். ஞாயிறன்று பூத். காலையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகக் கோஷம் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தம்பி தங்கைகளை அழைத்து வருவார்கள். மருந்து குடித்த பிள்ளையின் இடது சுண்டுவிரலில் அழியாத மை. திங்கள் முதல் குழுக்கள் வீடு வீடாகப் போகும்.

வீட்டுப் பணி முடிந்ததும் கதவிலோ சுவரிலோ ஒரு குறி போடுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் குடித்துவிட்டால் 'பி'. ஒரு பிள்ளை விடுபட்டாலும் 'எக்ஸ்'. ஒருங்கிணைப்பாளரின் உண்மையான வேலை இந்த எக்ஸ் வீடுகளில்தான் தொடங்குகிறது. ஏன் எக்ஸ் என்று பிரித்து எழுத வேண்டும்: வீடு பூட்டியிருந்ததா, பிள்ளை உறவினர் ஊருக்குப் போயிருக்கிறதா, உடம்பு சரியில்லையா, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களா?

இந்தப் பிரிப்பு ஒரு பெரிய மாயையை உடைத்தது. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் எக்ஸ் என்றாலே எதிர்ப்பு என்று நினைத்திருந்தார்கள். எழுதிப் பார்த்தால், நேரடியாக மறுத்த வீடுகள் விடுபட்டவற்றில் சிறு பங்குதான். பெரும்பாலான பிள்ளைகள் அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. பாட்டி வீடு, சந்தை, செங்கல் சூளை, வயல் என்று எங்கோ இருந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பிரச்சாரமல்ல, இன்னொரு நேரத்தில் இன்னொரு வருகை. இதற்கென்றே இரண்டாவது குழு மாலையிலோ மறுநாளோ எக்ஸ் வீடுகளுக்கு மட்டும் போகும்.

'உடம்பு சரியில்லை' என்ற காரணத்தில் வேறொரு விஷயம் ஒளிந்திருந்தது. முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாத தாய் 'பிள்ளைக்குக் காய்ச்சல்' என்பாள். வெளியூர்க் குழுவுக்கு அது காய்ச்சல். அந்தத் தெரு ஒருங்கிணைப்பாளர் நோட்டைப் புரட்டினால், போன சுற்றிலும் அதற்கு முந்தைய சுற்றிலும் அதே பிள்ளைக்குக் காய்ச்சல். அப்போது அவள் மருந்துப் பேச்சையே எடுக்க மாட்டாள். தனியாகப் போய், சாவகாசமாக உட்கார்ந்து, வேறு பேச்சு பேசி, உண்மையில் தடுப்பது யார் என்று பிடிப்பாள். மாமியாரா, கணவனா, கணவனின் அண்ணனா? கணவன் என்றால் அவன் வீட்டிலிருக்கும் இரவு நேரத்தில் போக வேண்டும்.

அடுத்து யாரைக் கூட அழைத்துப் போவது என்ற கேள்வி. நம் திட்ட அறிக்கைகளில் 'சமூகத் தலைவர்கள்' என்று ஒரே வார்த்தையில் எழுதிக் கடந்துவிடுகிறோம். தெருவில் அப்படி ஒரு பொதுத் தலைவர் இல்லை. ஒரு வீட்டுக்கு இமாம் சொன்னால் போதும். இன்னொரு வீடு வேறொரு மஸ்லக்கை, அதாவது வேறொரு மார்க்கப் பிரிவைச் சேர்ந்தது. அந்த இமாம் வந்தால் காரியம் கெடும். சில வீடுகளில் ரேஷன் கடைக்காரர், சிலவற்றில் உருது வாத்தியார். நிறைய வீடுகளில், பட்டம் இல்லாவிட்டாலும் நள்ளிரவில் கதவைத் தட்டினால் வரும் தெருமுனை டாக்டர். எந்த வீட்டுக்கு யார் சொல் எடுபடும் என்ற பட்டியல்தான் அந்த ஒருங்கிணைப்பாளரின் சொத்து. அதை எந்தப் பயிற்சி வகுப்பும் தர முடியாது.

மேல்மட்டத்திலும் இதே பாணியில் வேலை நடந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகியவை இதில் இறங்கின. மார்க்க அறிஞர்கள் ஆதரவு அறிக்கைகள் கொடுத்தார்கள். பலரும் இதையே திருப்புமுனை என்கிறார்கள். அறிக்கை உதவியது, சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாளைச் சரியான வீட்டில், சரியான நேரத்தில், சரியான ஆள் முன்னால் நீட்ட ஒருத்தி இல்லாதிருந்தால் அது தாளாகவே இருந்திருக்கும்.

மருந்து குடித்த பிள்ளைக்கும் வந்தபோது

இந்த நிகழ்வில் என்னை மிகவும் பாதிப்பது இந்தப் பகுதி. பல முறை சொட்டு மருந்து குடித்த பிள்ளைகளுக்கும் போலியோ வந்தது. தெருவே அதைப் பார்த்தது. 'ஏழெட்டுத் தடவை கொடுத்தீர்களே, என்ன ஆச்சு?' என்ற கேள்வி அந்த ஒருங்கிணைப்பாளரை நோக்கித்தான் வந்தது; டெல்லியிலோ ஜெனீவாவிலோ இருந்தவர்களை நோக்கி அல்ல. 'இன்னும் கொடுக்க வேண்டும்' என்று சொல்லத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கேள்வி சரியான கேள்வி என்பது பிறகு ஆய்விலேயே உறுதியானது. மூன்று வகை வைரஸுக்கும் சேர்த்துக் கொடுத்த பழைய மருந்தின் ஒரு தவணை, முதல் வகைப் போலியோவுக்கு எதிராக உத்தரப் பிரதேசத்தில் சுமார் 9 சதவீதப் பாதுகாப்புதான் தந்தது. நாட்டின் மற்ற பகுதிகளில் 21 சதவீதம் என்று 2006இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நெரிசல், அசுத்தமான தண்ணீர், ஓயாத வயிற்றுப்போக்கு ஆகியவற்றால் குடலில் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. சாக்கடையைக் காட்டிக் கோபப்பட்ட தாய் தன்னையறியாமல் நோய்ப்பரவலியலையே பேசியிருக்கிறாள்.

2005இல் முதல் வகைக்கு மட்டுமான மருந்து வந்தது. அது மேலாகப் பிடித்தது. ஆனாலும் 2006இல் நாட்டில் 676 பேர், அவர்களில் 548 பேர் உத்தரப் பிரதேசத்தவர். முதல் வகையை அமுக்கினால் மூன்றாம் வகை கிளம்பியது. 2007இல் 874, 2009இல் 741. 2010 ஜனவரியில் இரண்டு வகைக்கும் சேர்த்த மருந்து வந்தபிறகு எண்ணிக்கை 42 ஆக விழுந்தது; மறுவருடம் ஒன்று. ஆகவே, தெருப்பணி மட்டுமே போலியோவை ஒழித்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அறிவியல் மாறாதிருந்தால் அந்தப் பெண்கள் எத்தனை கதவைத் தட்டியும் பயனில்லை. அதேபோல், புதிய மருந்து வந்தபோது அதை வாங்கிக்கொள்ளக் கதவுகள் திறந்தே இருந்தன. தோல்வியான ஐந்தாறு வருடங்களிலும் உறவு அறுந்துபோகாமல் காத்தது அவர்கள்தான்.

தெரு கேட்டதைக் கொடுத்தபோது

'போலியோ மட்டும்தானா?' என்ற கேள்வி ஆயிரக்கணக்கான நோட்டுகளிலிருந்து மேலே போய்க்கொண்டே இருந்தது. மெல்ல மெல்லத் திட்டமே மாறியது. பூத்துகளுக்கு அருகே பொது மருத்துவ முகாம்கள் நடத்தினார்கள். ஒருங்கிணைப்பாளர்கள் சோப்புப் போட்டுக் கைகழுவுதல், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பேதிக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாகமும், வழக்கமான தடுப்பூசிகள் என்று எல்லாம் பேசத் தொடங்கினார்கள். 2009இல் உத்தரப் பிரதேசத்தின் 66, பீகாரின் 41 என 107 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர், சுகாதாரம், வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கவனிக்கும் திட்டம் வந்தது. வைரஸ் ஒளிந்திருந்த இடங்கள் அவைதான். இது போதுமான அளவு செய்யப்பட்டதா என்றால் இல்லை. சாக்கடை கட்டுவது தடுப்பு மருந்துத் திட்டத்தின் கையில் இல்லை. ஆனால் வாசலுக்கு வருகிறவள் கையில் பிள்ளையின் பேதிக்கு ஒரு பொட்டலம் இருந்தது என்பதே அந்த வாசலில் அவளை வேறு ஆளாக்கியது.

இடம்பெயர்வோர் விஷயத்திலும் நோட்டு உதவியது. பூட்டிய வீடுகள் எங்கே போயின என்று கேட்டு எழுதியதால், செங்கல் சூளைகள், கட்டுமான இடங்கள், நாடோடிக் குடியிருப்புகள் ஆகியவை தனிப் பட்டியலாயின. ரயில் நிலையங்களிலும் ஓடும் ரயில்களிலும் மருந்து கொடுத்தார்கள்.

நமக்கு இது தூரத்துக் கதையா

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளும் படங்களும் பறந்தன. ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து, பின்னால் சதி இருக்கிறது என்று கிட்டத்தட்ட அதே பேச்சு. தடுப்பூசியில் முன்னணி மாநிலம் என்று பெயரெடுத்த இங்கே, படித்த பெற்றோரே பள்ளிக்குப் போய் 'எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்' என்றார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. கிராம சுகாதாரச் செவிலியரை அம்மாக்களுக்குத் தெரியும். கைக்குழந்தைக்கு அவர் ஊசி போடும்போது யாரும் வாட்ஸ்அப்பைப் பார்ப்பதில்லை. இந்த முகாமோ பெரும்பாலும் பள்ளி வழியாக, பெற்றோர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், முகம் தெரியாத குழு வழியாக நடந்தது. அவநம்பிக்கைக்கும் படிப்புக்கும் தொடர்பில்லை, யார் வந்து கேட்கிறார்கள் என்பதோடுதான் தொடர்பு என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது

நாடு தழுவிய ஒரு சுற்றுக்கு 17 கோடிப் பிள்ளைகள், 23 லட்சத்துக்கு மேற்பட்ட பணியாளர்கள் என்ற கணக்கு உலக அரங்குகளில் பெருமையோடு சொல்லப்பட்டது. அந்தக் கணக்கில் தெரு ஒருங்கிணைப்பாளருக்கு வந்த பணத்துக்குச் சம்பளம் என்று பெயரில்லை, சிறு ஊக்கத்தொகை. வசவு வாங்கியதும், கதவு முகத்தில் அறைந்ததும், 'எங்கள் இனத்துப் பெண்ணாக இருந்துகொண்டு அரசாங்கத்துக்கு வேலை செய்கிறாயே' என்ற பேச்சைச் சொந்தத் தெருவிலேயே கேட்டதும் அந்தத் தொகைக்குள் அடங்காது. வெளியே போய் வேலை பார்ப்பதற்கே வீட்டில் போராடியவர்களும் அவர்களில் உண்டு.

2014 டிசம்பரில் தொடங்கிய இந்திரதனுஷ் தடுப்பூசித் திட்டம் அவர்களின் தெருவாரிப் பட்டியல் முறையையும் எக்ஸ் வீட்டு அனுபவத்தையும் எடுத்துக்கொண்டது. போலியோ நிதி குறையக் குறைய, பணியிடங்கள் குறைந்தன. ஒரு தெருவின் பிறப்பு, வரவு, போக்கு, சண்டை, நம்பிக்கை எல்லாம் தெரிந்த ஒருத்தியை, ஒரு வைரஸ் போனதும் தேவையில்லை என்று முடிவு செய்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. காசநோய்க்கும், இரத்தசோகைக்கும், பள்ளியிலிருந்து நின்ற பெண்பிள்ளைகளுக்கும் அதே நோட்டு வேண்டும். அதை வைத்திருப்பவருக்கு நிரந்தரப் பதவியும், மாதச் சம்பளமும், தெருவின் கேள்வி மேலே போனால் இத்தனை நாளில் பதில் வரும் என்ற உத்தரவாதமும் கொடுக்கச் சொல்லித்தான் களத்தில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.